நான்கு அங்குலம் உயர்ந்த வெர்லின்

வெர்லின் ஸ்டிடம் வாரத்தில் ஐந்து நாள் உயர்ந்த மனிதன். சனி, ஞாயிறு மட்டும் குள்ளன்.

திங்கள் முதல் வெள்ளி வரை அவன் பதினான்காம் எண் பள்ளிப் பேருந்தை ஓட்டினான். அந்த மஞ்சள் வண்டியின் இருக்கையில் அமர்ந்துவிட்டால் கிழக்குக் கென்டக்கியின் பெரிய மனிதர்கள் எல்லோரும் அவனுக்குக் கீழேதான் தெரிவார்கள். வங்கி மேலாளரின் வழுக்கை தெரியும். சர்க்கரை நோய் என்று ஊரெல்லாம் சொல்லித் திரியும் மருந்துக்கடைக்காரர் தன் காரில் மடிமீது வைத்துத் தின்னும் டோனட் தெரியும். இருபத்தாறு வருடங்களாக ஒரு நாடே காலடியில் கிடப்பதைப் பார்த்துப் பழகிய கண்கள் அவை. வெள்ளிக்கிழமை மாலை நாலரை மணிக்குப் பேருந்தை நிறுத்திவிட்டு, முப்பது வயது தாண்டிய தன் சொந்த பிக்கப் வண்டியில் உட்கார்ந்ததும் அந்த சாம்ராஜ்யம் சரிந்துவிடும். சிக்னலில் நின்றால் பக்கத்து வண்டியின் சக்கர நட்டுகள்தான் அவன் முகத்துக்கு நேராக இருக்கும்.

அதிலும் கொடுமை, அந்தப் பக்கத்து வண்டி பல சமயம் டெல்பர்ட்டுடையதாக இருக்கும்.

டெல்பர்ட் நேப்பியர், வெர்லினுடைய மனைவி நோலாவின் அண்ணன். டவுனில் மெத்தைக் கடை வைத்திருந்தான். அவனுடைய பிக்கப் புத்தம் புதியது, கறுப்பு. ஆறு அங்குலம் தூக்கிக் கட்டி, கரடியின் குகைக்குள்ளும் நுழையக்கூடிய முரட்டு டயர்கள் மாட்டி, அடிவயிற்றில் நீல விளக்கும் வைத்திருந்தான். மலை, காடு, சேறு எதுவானாலும் கடக்கும் வல்லமை கொண்ட அந்த வண்டி இதுவரை கடந்த மிகப் பெரிய தடை, கடை வாசலில் இருக்கும் வேகத்தடை. சனிக்கிழமை தோறும் டயருக்கு எண்ணெய் தடவித் துடைப்பான். மழைத் தூறல் விழுந்தால் வீட்டிலேயே விட்டுவிட்டு மனைவியின் காரை எடுப்பான்.

"மாப்ளே, கீழ யாரோ இருக்காப்ல தெரியுதேன்னு பாத்தேன். நீதானா," என்பான் சிக்னலில் கண்ணாடியை இறக்கி.

வெர்லின் பதில் சொல்ல மாட்டான். அண்ணாந்து பார்த்துப் பேசினால் கழுத்து வலிக்கும்.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கத்தில் ஒரு மகளின் கண்ணீர் இருந்தது.

நோலாவின் அம்மா ஹாட்டி இறந்து மூன்று வருடம். நேப்பியர் குடும்பத்துக் கல்லறைத் தோட்டம் மலை முதுகின் உச்சியில், ஓக் மரங்களுக்கு நடுவில் இருக்கிறது. மே மாதம் கடைசி ஞாயிறு அலங்கார ஞாயிறு. பள்ளத்தாக்கு முழுவதும் மேலே ஏறும். கல்லறைகளில் பிளாஸ்டிக் பூ வைத்து, பாட்டுப் பாடி, பிரசங்கம் கேட்டு, செத்தவர்களுக்குப் பக்கத்திலேயே பந்தி விரித்து வறுத்த கோழி தின்று இறங்கும். ஹாட்டியைப் புதைத்த அந்தக் கோடையில் வந்த வெள்ளம் ஓடையின் குழாய்ப் பாலத்தை அடித்துப் போனது. மேலே போகும் பாதை இரண்டு ஆழமான பள்ளங்களாகப் பிளந்தது. அதே கோடையில் நோலாவின் வலது முழங்காலை மருத்துவர்கள் அறுத்து உலோகம் வைத்தார்கள். மற்றவர்கள் நடந்து ஏறினார்கள். கால் அகட்டி உட்காரும் சிறு மலை வண்டிகளில் சிலர் போனார்கள். நோலாவுக்கு நடையும் கூடாது, அகட்டுவதும் கூடாது, குதிப்பது கூடவே கூடாது.

ஆக இரண்டு அலங்கார ஞாயிறுகளில் டெல்பர்ட்தான் அம்மாவுக்குப் பூ வைத்தான். தங்கைக்குப் போனில் படம் அனுப்பினான். தன் வண்டியில் அழைத்துப் போகிறேன் என்று மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தப் பாதையின் இருபுறமும் முட்புதர். கறுப்பு வண்ணத்தில் கீறல் எடுப்பாகத் தெரியும்.

மார்ச் மாதத்தில் ஒரு மாலை. பீன்ஸும் சோள ரொட்டியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நோலா போனை எடுத்து அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுல என்ன இருக்கு? பாதிக்கு மேல உங்கண்ணன் பூட்ஸ்தான் தெரியுது," என்றான் வெர்லின்.

நோலா சிரிக்கவில்லை. "கல்லுல அம்மா பேருக்குக் கீழ பாசி புடிச்சிருக்கு. யாரும் துடைக்கல," என்றாள். அவள் எழுந்து போய்க் குழாயைத் திறந்து, கழுவிய தட்டையே மறுபடி கழுவினாள்.

முதுகு திருப்பி நிற்கும் மனைவியிடம் வெர்லின் சத்தியம் செய்தான்: "இந்த வருஷம் உன்னை நான் கூட்டிட்டுப் போறேன். உங்கம்மா கல்லறைக்கு முன்னாடி நிப்பாட்டுறேன்."

"எதுல?"

"என் வண்டியில. தூக்கிக் கட்டிப் பெரிய டயர் போட்டா ஓடையும் தாண்டும், பள்ளமும் தாண்டும்."

அந்தச் சத்தியத்தில் பாதி அன்பு, பாதி டயர். எது பெரிய பாதி என்று கேட்டால் அவனுக்கே தெரிந்திருக்காது. ஆனால் நோலா திரும்பிப் பார்த்த பார்வையில் மூன்று வருடத்து ஏக்கம் இருந்தது. அவள் நம்பிவிட்டாள். அதற்குப் பிறகு அவன் பின்வாங்க வழியில்லை.

கடையில் விற்கும் தூக்குச் சாமான்களின் விலையைப் பார்த்ததும் வெர்லின் அந்த விலைப்பட்டியல் புத்தகத்தை மூடி, அடுப்பு பற்றவைக்க எடுத்து வைத்தான். பிறகு பழைய வண்டிகளை உடைத்து விற்கும் ஓப்பலிடம் போனான். எழுபது வயதான ஓப்பல், உதட்டில் சிகரெட்டோடு பிறந்தவளோ என்று சந்தேகப்பட வைப்பவள்.

"எத்தனை அங்குலம்?" என்றாள்.

"நாலு. முப்பத்து மூணு அங்குல டயர் உக்காரணும்."

"எதுக்கு?"

"மாமியார் கல்லறைக்குப் போக."

"அதுக்கு உயரம் எதுக்கு வெர்லின்? ஆழம் போதுமே."

ஓப்பல் புகை விட்டபடி யோசித்தாள். பின்சக்கர அச்சுக்கும் ஸ்பிரிங் பட்டைக்கும் நடுவில் வைக்க இரண்டு அங்குல இரும்புக் கட்டைகள் இருந்தன. டயரும் இருந்தது, மூன்று ஒரே ஜாதி, நான்காவது வேறு ஜாதி. முன்பக்கத்துக்குச் செலவே இல்லை, அங்கிருக்கும் முறுக்குக் கம்பியின் போல்ட்டைத் திருகினால் மூக்கு தானாக நிமிரும். வண்டிக் கூட்டுக்கும் அடிச்சட்டத்துக்கும் நடுவில் வைக்கத்தான் எதுவும் இல்லை.

"ஒண்ணு இருக்கு," என்று ஓப்பல் ஒரு பெட்டியை உதைத்துத் தள்ளினாள். உள்ளே கறுப்பு ரப்பர் வில்லைகள். பனியில் ஹாக்கி ஆடுபவர்கள் அடித்து விரட்டும் வில்லைகள். "ஓஹியோக்காரன் ஒருத்தன் கார் டிக்கியில கிடந்துச்சு. ஒண்ணு சரியா ஒரு அங்குலம். நடுவுல ஓட்டை போட்டு ரெண்டு ரெண்டா அடுக்கு."

எல்லாவற்றுக்கும் ஈடாக வெர்லின் தன் மரமறுக்கும் மோட்டார் ரம்பத்தைக் கொடுத்தான். ஓப்பல் ரம்பத்தைப் பார்த்தாள், பிறகு அவன் வண்டியைப் பார்த்தாள். கதவுகளுக்கு அடியில் இருபுறமும் ஓடிய கால்வைக்கும் படிகளில் அவள் கண் நின்றது.

"அதையும் கழட்டிக் குடு. சரியா இருக்கும்."

வெர்லின் ஒரு நிமிடம்கூடத் தயங்கவில்லை. தூக்கிக் கட்டிய வண்டிக்குப் படி இருந்தால் ஆம்புலன்ஸ் மாதிரி இருக்கும். டெல்பர்ட் வண்டியில் படி கிடையாது. கழற்றிக் கொடுத்துவிட்டு மனதில் ஒரு பாரம் குறைந்தவனாக வீடு திரும்பினான்.

நான்கு சனிக்கிழமைகள் வீட்டு முற்றத்தில் யுத்தம் நடந்தது. வெர்லின் பலகை வைத்து ஜாக்கி போட்டுக் கூட்டைத் தூக்கினான். பன்னிரண்டு இடங்களில் இருபத்து நான்கு வில்லைகள் செருகினான். பெட்ரோல் ஊற்றும் குழாயைக் கழற்ற மறந்து தூக்கியதில் அது கிழிந்தது. ஒட்டினான். என்ஜின் இருந்த இடத்திலேயே இருக்க, ரேடியேட்டர் மட்டும் இரண்டு அங்குலம் மேலே போய்விட்டதை அவன் கவனிக்கவில்லை. முதல் தடவை ஸ்டார்ட் செய்ததும் விசிறி தன்னைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் கூண்டைத் துண்டு துண்டாகக் கடித்துத் துப்பியது. நோலா சமையலறை ஜன்னலைத் திறந்து, "செத்துட்டியா?" என்றாள்.

"இல்ல."

"சரி," என்று மூடினாள்.

எல்லாம் முடிந்து வண்டி தன் புதுக் கால்களில் நின்றபோது வெர்லினுக்குக் கண் கலங்கியது. அதற்கப்புறம் தெரியவந்த சின்னச் சின்ன விஷயங்களை அவன் யாரிடமும் சொல்லவில்லை. வேகமுள் நாற்பத்தைந்து காட்டும்போது வண்டி ஐம்பதில் போய்க்கொண்டிருந்தது. முன்விளக்கின் வெளிச்சம் சாலையை விட்டுவிட்டு மரக்கிளைகளில் விழுந்தது.

"ஆந்தைக்கு வழி காட்டிக்கிட்டுப் போறியா மாப்ளே?" என்றான் டெல்பர்ட், பார்க்க வந்த அன்று. சுற்றிச் சுற்றி வந்து குனிந்து பார்த்தான். "இது என்ன, ஹாக்கி வில்லையா?"

"ஆமா."

"நம்ம ஊர்ல பனியே நிக்காதே."

"அதான் மிச்சமா இருந்துச்சு."

டெல்பர்ட் நிமிர்ந்தான். இரண்டு பேரும் முதல் முறையாக ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நின்ற வண்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெர்லினின் வாழ்க்கையில் அதைவிட இனிய ஐந்து நிமிடம் வந்ததில்லை.

டெல்பர்ட் போனதும் நோலா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். கதவைத் திறந்தாள். வண்டியின் தரை அவள் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே இருந்தது. நல்ல காலைத் தூக்கினாள், எட்டவில்லை. கெட்ட காலைத் தூக்குவது பற்றிய பேச்சே இல்லை.

"இங்க ஒரு படி இருந்துச்சே," என்றாள்.

வெர்லின் பேந்தப் பேந்த விழித்தான். "அது... பாக்க நல்லா இல்லன்னு..."

நோலா கதவைச் சாத்தினாள். "என்னை ஏத்திக்கிட்டுப் போறதுக்குன்னு வண்டியைத் தூக்கி, நான் ஏற முடியாத மாதிரி தூக்கியிருக்க. இதுக்குத் தனியா ஒரு மூளை வேணும் வெர்லின்." அவள் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பான். அவள் குரலில் கோபமே இல்லை. வெறும் சோர்வுதான் இருந்தது.

அடுத்த ஒரு வாரம் பேருந்து ஓட்டும்போதெல்லாம் யோசித்தான். விடை வியாழக்கிழமை கிடைத்தது. பள்ளத்தாக்கின் வாயிலில் இருக்கும் சர்ச்சுக்கு ஐந்து சிமெண்ட் படிகள். மூன்றாம் படியை ஒட்டி வண்டியை நிறுத்தினால் நோலா நேராக நடந்து உள்ளே போய் உட்காரலாம். பள்ளி மாணவன் கணக்கைப் போட்டு முடித்த சந்தோஷத்தோடு அவன் ஹாரன் அடித்தான். பின்னால் நாற்பது பிள்ளைகள் காரணம் தெரியாமல் கைதட்டினார்கள்.

அலங்கார ஞாயிறும் வந்தது. அதற்கு முந்தைய மூன்று நாளும் மழை. நோலா தன் சின்னக் காரில் சர்ச்சுக்கு வந்தாள். நீல நிற உடை, மடியில் மஞ்சள் பிளாஸ்டிக் ரோஜாக்கள், பையில் பாசி துடைக்க ஒரு பிரஷ். வெர்லின் படியை உரசாமல் வண்டியைக் கொண்டுவந்து ஒட்டினான். அவள் மூன்றாம் படியிலிருந்து, ரயில் ஏறும் சீமாட்டியைப் போல உள்ளே காலெடுத்து வைத்து அமர்ந்தாள். சபையே பார்த்தது.

வண்டியும் குறை வைக்கவில்லை. ஓடையைத் தாண்டியது. பள்ளங்களின் முதுகில் ஏறி நடந்தது. பாதையில் நடந்து ஏறியவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அவர்களில் டெல்பர்ட்டும் ஒருவன். பூட்ஸ் அழுக்காகாமல் இருக்க இரண்டு காலிலும் மளிகைக்கடைப் பையைக் கட்டிக்கொண்டு, கையில் கோழிப் பாத்திரத்தோடு ஏறிக்கொண்டிருந்தான். வெர்லின் ஹாரனை ஒரே ஒரு முறை, மெல்ல அடித்தான்.

உச்சியில், ஹாட்டியின் கல்லறைக்கு இருபது அடி தள்ளி வண்டி நின்றது. அதற்குமேல் மற்றவர்களின் கல்லறைகள். நோலா கதவைத் திறந்தாள். குனிந்து பார்த்தாள்.

"வெர்லின்."

"என்ன?"

"தரை எங்க?"

"இங்கதான் இருக்கு."

"அது உனக்கு. எனக்கு எங்க?"

ஏறுவதற்குச் சர்ச் படியைக் கண்டுபிடித்த வெர்லினின் மூளை, இறங்குவதைப் பற்றி ஒரு வாரத்தில் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. மலையுச்சியில் சர்ச் கிடையாது.

யாரோ ஒரு மடக்கு நாற்காலியைக் கொண்டுவந்து கீழே போட்டார்கள். நோலா ஒரு காலை வைத்ததும் நாற்காலியின் ஒரு கால் ஈர மண்ணில் புதைந்து சாய்ந்தது. அவள் அலறாமல், முகம் வெளுத்து, கதவைப் பிடித்துக்கொண்டு இருக்கையில் விழுந்தாள். ஐஸ் பெட்டி வைத்தார்கள். அது சரிவில் வழுக்கி ஓடியது.

"நாலு பேர் சேர்ந்து தூக்கி எறக்கிடலாம்," என்றான் மூச்சு வாங்கியபடி வந்து சேர்ந்த டெல்பர்ட்.

"அண்ணே, நான் உன் கடை மெத்தை இல்ல," என்றாள் நோலா.

போதகர் ஓட்டிஸ் முன்னால் வந்தார். அவருக்குப் பசி நேரம். "சகோதரி, அங்கேயே உக்காந்து ஆராதனையில கலந்துக்கலாமே. கர்த்தர் எல்லா உயரத்துலயும் இருக்காரு."

"சரி பாஸ்டர்," என்று நோலா கதவைச் சாத்திக்கொண்டாள். ரோஜாக்கள் அவள் மடியிலேயே இருந்தன. போதகர் ஜெபத்தைத் தொடங்கினார். வெர்லின் ஜன்னலருகே போய்த் தலைகுனிந்து நின்றான்.

"பரவாயில்ல விடு," என்றாள் அவள், கல்லறையையே பார்த்தபடி, அவனுக்கு மட்டும் கேட்கும் குரலில். "போன்ல பாத்ததைவிடப் பெருசாத்தான் தெரியுது."

அந்த ஒரு வாக்கியம் வெர்லினை அறுத்தது. இருபது அடி. இத்தனை தூரம் கொண்டுவந்து, இருபது அடிக்கு அப்பால் ஒரு மகளை ஜன்னலில் உட்காரவைத்த பாவி அவன். நின்றவன் உட்கார்ந்தான். நோலா இருந்த வலப்பக்க முன்சக்கரத்துக்கு எதிரே சேற்றில் மண்டியிட்டான். காற்றடைக்கும் மூக்கின் மூடியைத் திருகி எடுத்தான். சாவியின் முனையால் அமுக்கினான்.

உஸ்ஸென்ற சீறல் ஜெபத்துக்கு நடுவில் எழுந்தது. போதகர் ஒரு கண்ணைத் திறந்தார்.

"மாப்ளே, என்ன பண்ற?" என்று டெல்பர்ட் ஓடிவந்தான். "அதுல காத்து போச்சுன்னா இங்க எதை வச்சு நிரப்புவ?"

"தெரியல."

"அப்புறம் எப்படிக் கீழ போவ?"

"அதுவும் தெரியல. இப்ப அவ எறங்கணும்."

தான் ரம்பத்தைக் கொடுத்து, படியை விற்று, நான்கு சனிக்கிழமைகளைத் தொலைத்துச் சேர்த்த உயரம் தன் விரல் நுனி வழியே ஒழுகிப் போவதை வெர்லின் பார்த்துக்கொண்டிருந்தான். முன்சக்கரம் தட்டையானதும் முழங்காலாலேயே நகர்ந்து பின்சக்கரத்துக்குப் போனான். போதகர் நிலைமையைப் புரிந்துகொண்டு, பசியையும் மீறி, இஸ்ரவேலர்கள் வரை ஜெபத்தை நீட்டினார். வண்டி மெல்ல மெல்ல வலப்பக்கம் சாய்ந்தது. யானை முன்காலை மடக்கி ஆளை இறக்கிவிடுவது போல நோலாவின் பக்கம் தாழ்ந்து நின்றது.

வெர்லின் கதவைத் திறந்தான். நோலா கையை நீட்டி அவன் தோளில் வைத்தாள். ஐந்தடி நான்கு அங்குல மனிதனின் தோள் ஊன்றுவதற்குக் கச்சிதமான உயரத்தில் இருந்தது. முதலில் நல்ல கால். பிறகு உலோகம் வைத்த கால். பிறகு தரை.

இருபது அடியை அவளே நடந்தாள். குனிந்து பூவை வைத்தாள். பிரஷ்ஷை எடுத்துப் பெயருக்கு அடியில் இருந்த பாசியை, மூன்று வருடத்துக்கும் சேர்த்து, அழுத்தித் தேய்த்தாள். பிறகு கல்லிடம் சாதாரணமாகப் பேசினாள்: "அம்மா, உன் மருமகன் வண்டியைப் பாத்தியா? உனக்குத்தான் அவனைக் கண்டா ஆகாதே." கல்லின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். சுற்றியிருந்த பெண்கள் அழுதார்கள். போதகரும் அழுதார். கோழி ஆறிக்கொண்டிருந்ததும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

பந்தி முடியும் நேரத்தில் வெர்லின் டெல்பர்ட்டின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். வாழ்க்கையில் இந்த மனிதனிடம் அவன் எதுவும் கேட்டதில்லை.

"மச்சான்."

"சொல்லு."

"உன் வண்டியில காத்தடிக்கிற மிஷின் இருக்குல்ல?"

"இருக்கு. சீட்டுக்கு அடியில போல்ட் போட்டு முடுக்கியிருக்கு. கழட்ட முடியாது."

"அப்ப வண்டியோடதான் வரணும்."

டெல்பர்ட்டின் கையில் இருந்த கோழிக்கால் பாதி வழியில் நின்றது. பாதையைப் பார்த்தான். இருபுறமும் முட்புதர், நடுவில் மூன்று நாள் மழை. பிறகு தங்கையைப் பார்த்தான். அவள் இன்னும் கல்லருகே நின்று, அவன் இரண்டு வருடமாகத் துடைக்காத கல்லை, தன் உடையின் ஓரத்தால் ஈரம் போகத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

டெல்பர்ட் கோழிக்காலை வைத்தான். பூட்ஸில் கட்டியிருந்த பைகளை அவிழ்த்து எறிந்தான். சர்ச் வாசலில் நின்ற தன் வண்டியை எடுக்கக் கீழே நடந்தான்.

அரை மணி கழித்து அந்தக் கறுப்பு வண்டி வந்து சேர்ந்தபோது அதைக் கறுப்பு என்று சொல்வதற்கு நல்ல மனசு வேண்டும். கண்ணாடிவரை சேறு. முன்கதவிலிருந்து பின்கதவுவரை முள் இழுத்த ஒரு நீளக் கோடு. டெல்பர்ட் இறங்கி, அந்தப் பக்கம் திரும்பாமலே, "பாத்துக்கிட்டு நிக்காத. குழாயை இழு," என்றான்.

"இரு, இரு," என்றாள் நோலா. "காத்தடிச்சப்புறம் நான் எப்படி ஏறுறது? மொதல்ல நான் உக்காந்துக்கறேன்."

ஆண்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பேருக்குமே அது தோன்றியிருக்கவில்லை.

வெர்லினின் தோளை ஊன்றி அவள் சாய்ந்த வண்டியில் ஏறி அமர்ந்தாள். யாரோ ஒரு கிண்ணத்தில் வாழைப்பழப் புட்டிங்கை அவள் கையில் கொடுத்தார்கள். மிஷின் கடகடத்தது. வெர்லின் முன்சக்கரத்தில் குழாயைப் பிடித்திருக்க, டெல்பர்ட் சேற்றில் முழங்காலிட்டு மிஷினின் அழுத்தமானி முள்ளைப் பார்த்து அளவு சொன்னான். வண்டி கண்ணுக்குத் தெரியாத அளவு மெதுவாக நிமிரத் தொடங்கியது. ஜன்னலில் நோலா கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்தாள். கூடியிருந்தவர்களின் தலைகளுக்கு மேலே, மஞ்சள் ரோஜாக்களும் சுத்தமான கல்லும் அவளுக்கு முழுதாகத் தெரிந்தன.

"இன்னும் கொஞ்சம் வேகமா வைக்கவா?" என்று கேட்டான் டெல்பர்ட்.

"வேணாம் அண்ணே," என்றாள் அவள், ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு. "மெதுவா அடிங்க. நான் அம்மாவைப் பாத்துக்கிட்டிருக்கேன்."